வௌவால் உடுப்பில் என் மஞ்சள் நூல்

கதிர்,

நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேம்மா" என்பாய். அதை நம்பி நம்பி எனக்கு அலுத்துவிட்டது. பாஸ்கர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அமெரிக்காவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. உங்கப்பா படிக்கட்டும், பாஸ்கர் விமானத்தில் உட்கார்ந்து படிக்கட்டும், வழியில் யார் பிரித்தாலும் படிக்கட்டும். நம் வீட்டில் மூடி வைத்தது போதும்.

பாஸ்கரை நீ திட்டாதே. உன்கூட வேலை பார்க்கிற அந்தப் பிள்ளை உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் தையல் கடைக்கு வந்தான். நீ கொடுத்துவிட்ட சாக்லேட், அப்பாவுக்கு வாட்ச், ஆண்டிமடத்திலிருந்து அவன் அம்மா தந்த முந்திரிப்பருப்பு எல்லாவற்றையும் மேஜையில் வைத்தான். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, "தம்பி, பொண்ணு வூட்ல காட்டணும், கதிர் போட்டோ நல்லதா ஒண்ணு இருந்தா குடு" என்றேன். பையிலிருந்து தன் போட்டோக் கவரை எடுத்து நாலைந்து காட்டினான். கடைசியில் வந்த ஒன்றைச் சட்டென்று அடியில் தள்ளினான். நான் விடுவேனா? "அதையும் காட்டு" என்று கையை நீட்டினேன்.

வானம். கீழே மேகம். நடுவில் கையையும் காலையும் விரித்துக்கொண்டு ஒரு ஆள். தலையில் ஹெல்மெட், கண்ணை மறைக்கிற கண்ணாடி, முகமே தெரியவில்லை. ஆனால் இடது அக்குளிலிருந்து இடுப்பு வரை கறுப்புத் துணியில் ஒரு மஞ்சள் கோடு ஓடியது. "இது என் தையல்" என்றேன். "இல்லம்மா, இது வேற யாரோ..." என்று இழுத்தான். "கறுப்பு நூல் தீர்ந்துபோச்சுன்னு நான்தான் தம்பி மஞ்சள் நூல்ல அடிச்சேன். என் கோணத் தையல் எனக்குத் தெரியாதா? இது யாரு?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். "அம்மா, மொதல்ல தண்ணி குடிங்க" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

சித்திரையில் நீ லீவுக்கு வந்தபோது அந்த உடுப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாயே, நினைவிருக்கிறதா? கைக்கும் உடம்புக்கும் நடுவே துணி, இரண்டு காலுக்கும் நடுவே துணி. "என்னடா இது, வௌவாலு மாதிரி?" என்று கேட்டேன். "ஆபீஸ்ல நாடகம்மா. எனக்கு வௌவால் வேஷம். இடது பக்கம் பிரிஞ்சிருக்கு, அடிச்சுக் குடும்மா" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உங்கப்பாவைக் கூப்பிட்டு, "ஏங்க, உங்க புள்ளைக்கு அமெரிக்காவுல குடுத்த வேஷத்தப் பாருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, செருப்பைத் தேடுவது போல வெளியே போய்விட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அக்குளிலிருந்து இடுப்பு வரை பிரிந்திருந்த இடத்தை அடித்து முடித்தேன். பார்த்தால், கைப்பக்கத்து ஓரத்தில் மூன்று இடம் சட்டைப்பை வாய் மாதிரித் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு அடுக்குத் துணி, நடுவில் ஒன்றுமில்லை. அடப்பாவி, இவ்வளவு பெரிய நாட்டில் ஓரத்தை மூடி அடிக்கத் தெரிந்த தையல்காரன் இல்லையா என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை; நானாகத்தான் செய்தேன். பெற்ற பிள்ளை மேடையில் ஏறும்போது பிசிறு தெரியக்கூடாது என்று அந்த மூன்று வாயையும் உள்ளே மடித்து, அழகாக, இரட்டைத் தையல் போட்டு மூடினேன். வலது பக்கமும் அப்படித்தான் இருந்தது. அதையும் மூடப் போனேன், பாபினில் நூல் தீர்ந்துவிட்டது. நாடகத்துக்குத்தானே, அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் கொடுத்தபோது நீ பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா தைச்சதப் பார்க்கணுமாக்கும்?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பைக்குள் சுருட்டினாய். அந்தக் கிள்ளலில் நான் இரண்டு நாள் பூரித்துக் கிடந்தேன், தெரியுமா?

அந்த வாய்கள் வழியாகத்தான் காற்று உள்ளே போகுமாம். காற்று நிறைந்தால்தான் துணி இறக்கையாக நிற்குமாம். பாஸ்கர் சொல்லச் சொல்ல நான் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. இடது பக்கம் துவண்டு கிடக்கிறது. பக்கத்தில் பறந்த ஆள் அந்தப் படத்தை எடுத்த அடுத்த நொடியில் நீ சுற்ற ஆரம்பித்தாயாம். தலையில் ரத்தம் ஏறி மயக்கம் வருகிற அளவுக்குச் சுற்றினாயாம். எப்படியோ கையைக் காலை ஒடுக்கிப் பாராசூட்டை இழுத்திருக்கிறாய். அதன் கயிறுகளும் முறுக்கிக்கொண்டன. அதை அறுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே பாராசூட்டை இழுத்து, ஒரு சோளக்காட்டில் வந்து விழுந்தாய். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. "குதிக்கறதுக்கு முந்தி உடுப்ப உள்ளும் புறமும் பார்க்கணும்மா, அது சட்டம் மாதிரி. அன்னிக்கு நான் கேட்டேன், பார்த்தியாடான்னு. அம்மா தைச்சதுடான்னுட்டான்" என்றான் பாஸ்கர்.

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? கொக்கி வைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை எடுத்து மிச்சக் கொக்கிகளையும் வைத்து முடித்தேன். பிறகுதான் அழுகை வந்தது. நீ அன்றைக்குப் போயிருந்தால், என் கையால்தான் போனாய் என்பதுகூடத் தெரியாமல் நான் பாட்டுக்கு இந்த மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருப்பேன். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்து அதே மஞ்சள் நூலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாவாடை அடித்திருப்பேன். நீ எனக்குச் செய்தது துரோகம், கதிர். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ பறந்ததைச் சொல்லவில்லை. என் பிள்ளையின் உயிரை என் மடியிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டு, அது நாடகத் துணி என்று சொன்னதைச் சொல்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அந்த ஊசியைத் தொட்டிருப்பேனா?

கால் உடைந்த வாரம் ஃபோனில் என்ன சொன்னாய்? "ஆபீஸ் படியில தடுக்கிட்டேம்மா." நான் அந்த வெள்ளிக்கிழமையே பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூருக்கு நடந்தே போனேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். மாவு இடித்து, மாவிளக்குப் போட்டு, "படியில விழுந்த காலு தாயே, பழையபடி நடக்க வச்சிரு" என்று காளியம்மனிடம் அழுதேன். இல்லாத படியில் விழாத காலுக்கு நான் விளக்குப் போட்டிருக்கிறேன். சாமியிடமே என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். அவள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்?

பாஸ்கர் வந்த அன்று சாயங்காலம் உங்கப்பா அரியலூர் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டிவிட்டு, உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு வந்தார். போட்டோவை அவர் முன்னால் வைத்தேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "தெரியும்" என்றார். நான் கேட்டேன், "எப்பலேருந்து?" "ரெண்டு வருசமா. மொதல்ல குதிச்ச அன்னிக்கே சொல்லிட்டான்." "அந்த உடுப்பு?" "அது பறக்கறதுக்குன்னு தெரியும். நீ அந்த வாயெல்லாம் மூடுனது தெரியாது. சத்தியமா தெரியாது." "எங்கிட்ட ஏன் சொல்லல?" அவர் கொஞ்ச நேரம் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சொன்னா நீ எட்டு நாள் பேச மாட்டே. உம்புள்ள அதுக்குத்தான் பயந்தான்" என்றார். கையில் சொம்பு இருந்தது. அவர் மேல் எறிந்திருப்பேன். எட்டு நாள் என்று சொன்னதால் எறியவில்லை.

எட்டு நாள் உனக்கு மறக்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ எட்டாவது படித்தாய். அரும்பாவூரில் உன் பெரியப்பா காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கினார்கள். நாம் எல்லோரும் போயிருந்தோம். நீ மோட்டார் கொட்டகைக் கூரைமேல் ஏறி, அங்கிருந்து கிணற்றுக்குள் குதித்தாய். சொட்டச் சொட்ட என்னிடம் ஓடி வந்து, "அம்மா! மேலேருந்து குதிச்சேன்! வயித்துக்குள்ள ஜில்லுன்னுச்சும்மா!" என்றாய். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்படி ஒரு வெளிச்சத்தை உன் முகத்தில் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. நீ யாரும் கேட்காமல், நீயாக வந்து சொன்னாய். நான் அடித்திருக்கலாம், அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். நான் பேச்சை நிறுத்தினேன். எட்டு நாள். தட்டை 'ணங்' என்று வைத்துவிட்டுப் போய்விடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து மிஷின் பக்கத்தில் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பேசும்மா... ஏதாவது பேசும்மா" என்பாய். நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். ஒன்பதாம் நாள், "இனிமே குதிக்க மாட்டேம்மா" என்று தேம்பினாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "எம்புள்ளைய அடிக்காமலே திருத்திட்டேன்" என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

நீ திருந்தவில்லை. என்னிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டாய். அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியார் நான்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உன் புளுகு பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. இதை எழுதும்போதும் என் கோபம் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தப்பு எனக்குத் தெரிகிறது, அதனால் உன் தப்பு சின்னதாகிவிடாது. பதிமூன்று வயதில் பயந்தாய், சரி. இருபத்தைந்து வயதில், மாசாமாசம் ஃபோனில் "சாப்டியாம்மா" என்று கேட்கத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா?

முதலில் "பறக்காதே, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். எழுதினால் என்ன ஆகும்? "சரிம்மா" என்பாய், அந்தச் சனிக்கிழமையே போய்க் குதிப்பாய். ஆகவே அதைக் கேட்கவில்லை. பாஸ்கரை மறுநாளும் கடைக்கு வரவழைத்து, மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாவம், அவனும் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி பதில் சொன்னான். விமானத்தின் கதவை விட்டு வெளியே வரும்போது இறக்கையை உடனே விரிக்கக் கூடாதாம், விரித்தால் காற்று தூக்கி விமானத்தின் வாலில் அடித்துவிடுமாம். மற்றவர்கள் இறங்குகிற பாதையை விட்டு விலகிப் பறக்க வேண்டுமாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆசையில் பறந்துகொண்டே இருக்காமல், கையில் கட்டிய கருவி காட்டுகிற உயரத்தில் பாராசூட்டை இழுத்தே ஆக வேண்டுமாம். அவசரத்துக்கு வைத்திருக்கிற அந்த இரண்டாவது பாராசூட்டை லைசென்ஸ் வைத்திருக்கிறவர்தான் மடிக்க வேண்டுமாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று உனக்குத் தெரியட்டும்.

இன்னொன்றையும் அவன் வாயிலிருந்து பிடுங்கினேன். இருநூறு தடவையாவது சாதாரணமாகக் குதித்த பிறகுதான் அந்த வௌவால் உடுப்பைத் தொடலாமாம். நீ நூற்று நாற்பதுதான் குதித்திருந்தாய். சொல்லிக் கொடுக்கிறவர் கேட்டபோது "இருநூறு ஆயிடுச்சு" என்றிருக்கிறாய். அங்கேயும் அதே புத்தி! என்னிடம் பொய் சொன்னால் நான் அழுவேன், அவ்வளவுதான். உனக்குச் சொல்லிக் கொடுக்கிறவரிடம் பொய் சொன்னால் அவர் உனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதெல்லாம் ஆகாயத்தில் வந்து நிற்கும். என் கடைக்கு ஒருத்தி வந்தாள். நாலு மாசக் கர்ப்பம் என்பதை மறைத்து அளவு கொடுத்துவிட்டுப் போனாள். சீமந்தத்துக்குப் போடப் போனால் ஜாக்கெட் பொருந்தவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவளுக்காவது பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். உனக்கு அங்கே பிரித்துத் தைக்க நேரம் கிடைக்காது. மிச்ச அறுபதையும் குதித்துவிட்டு, அந்த மனுஷரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் உடுப்பைத் தொடு. அந்த உடுப்பு கிழிந்தால் அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடு. எதற்கு என்று சொல்லிக் கொடு. யார் தைத்தாலும் உள்ளும் புறமும் பார். அம்மா தைத்தாலும் பார். அம்மா தைத்தால் இரண்டு தடவை பார்.

இனி உனக்குப் பேசி முடித்திருக்கிற கலைச்செல்வி விஷயம். பூ வைக்க அரியலூர் போயிருந்தபோது அந்தப் பெண் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, லீவு நாள்ல அவருக்கு என்ன பண்ணப் புடிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள். கணக்கு டீச்சர், கேள்வி கச்சிதமாகத்தான் இருந்தது. "தூங்குவாம்மா, பாவம், வாரம் பூரா வேலை" என்றேன். அவள் சிரித்தாள். நான் தெரியாமல் சொன்ன பொய் அது. இனிமேல் சொன்னால் தெரிந்து சொன்னதாகும். தை மாசம் முகூர்த்தம் பார்த்திருக்கிறது. உங்கப்பா பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன். எனக்குக் கல்யாணத்தை நிறுத்த ஆசையா? இரண்டு வருஷமாக உனக்குப் பார்த்துப் பார்த்து அலைந்தவள் நான். ஆனால் இன்னும் ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் ஒரு போட்டோவை என் முன்னால் வைத்து, "எங்கிட்ட ஏன் சொல்லல அத்தை?" என்று கேட்டால், நான் உங்கப்பா மாதிரி தூசியைத் தட்டிக்கொண்டு நிற்க முடியாது. இந்தக் கடிதத்தை ஊரில் யார் படித்தாலும் சரி, அவளுக்கு மட்டும் நான் காட்ட மாட்டேன். அதை நீ சொல்ல வேண்டும், உன் வாயால். இருநூறு, நூற்று நாற்பது, கணுக்கால் எல்லாவற்றையும் சொல். அவள் வேண்டாம் என்றால் அது அவள் உரிமை. நான் அவள் பக்கம்தான் நிற்பேன். வேண்டும் என்றால் பத்திரிகை அடிக்கலாம்.

நீயும் உங்கப்பாவும் சேர்ந்து என்னை இரண்டு வருஷம் முட்டாளாக்கி உட்கார வைத்தீர்களே, அதை நான் அவ்வளவு சுலபமாக மறக்க மாட்டேன். அவருக்கு நேற்று வரை சாப்பாட்டுக்கு வெறும் ரசம்தான். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை, கவனித்துக்கொள். தட்டை வைக்கும்போதே நாலு திட்டு சேர்த்துத்தான் வைக்கிறேன். உன்னிடமும் அப்படித்தான். குதிக்கப் போகிற அன்றைக்கு ஃபோன் பண்ணு. "அம்மா, குதிக்கப் போறேன்" என்று சொல். நான் அழுவேன், கத்துவேன், உன் பரம்பரையையே இழுப்பேன். ஃபோனை மட்டும் வைக்க மாட்டேன். கீழே இறங்கியதும் மறுபடி கூப்பிடு. வயிற்றுக்குள் ஜில்லென்று இருந்ததா என்று கேட்கிறேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் எனக்கு ஒன்றைச் சொல். ஆறு மாசமாகப் படியில் விழுந்த காலைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். சோளக்காட்டில் விழுந்த காலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இப்போது எப்படி இருக்கிறது, கண்ணு? வலிக்கிறதா?

அம்மா